தணுப்பு நாட்டுக்கு வண்டிவீடு கட்டுறவங்க அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்ன இதைப் படிங்க: எங்க 4,35,000 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி ஆரல்வாய்மொழி தாண்டி ஊருக்குள்ள நுழைஞ்சுது. சாமான் இன்னும் இறக்கலை. சூடு ஆறிட்டா எழுத மாட்டேன்னு தெரியும், அதனால இப்பவே எழுதுறேன். வேனை வீடாக்கி வடக்கே குளிர்காலம் முழுக்கத் தங்கணும்னு நினைக்கிறவங்க நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல யாராவது இருந்தா தயவுசெய்து முழுசாப் படிங்க. எதையெல்லாம் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

பட்டறை பேரை எழுதலை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம், அது கெட்டுடக் கூடாது. வேனுக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுற பட்டறை, இப்ப கொஞ்ச நாளா ‘கேரவன் செய்து தரப்படும்’னு போர்டு வச்சிருக்காங்க. அவ்வளவு போதும்.

வண்டி பழைய டெம்போ ட்ராவலர். நாங்க ரெண்டு பேர் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் இமாச்சலத்துக் குலு பள்ளத்தாக்குல அதுக்குள்ளேயே இருந்து வேலை பார்க்கணும். உயரம் கிட்டத்தட்ட 1,800 மீட்டர், ராத்திரி மைனஸ் 5, மைனஸ் 6 வரைக்கும் போகும். இதை முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்தோம். அவங்க போட்ட கணக்கு: சுவருக்கும் கூரைக்கும் தரைக்கும் 40 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் அட்டை (குளிரைத் தடுக்குற கெட்டி ஃபோம்), மேல மரைன் பிளைவுட், 1,40,000. லித்தியம் பேட்டரி 200 ஆம்பியர் அவர், 1,10,000. டீசல் ஹீட்டர் 75,000. தண்ணி டேங்க், பம்ப், பைப் 60,000. கூலி 50,000. ஆக 4,35,000 ரூபாய்.

இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு. ஜனவரியிலயும் ஃபேன் போட்டுத் தூங்குற ஊர் இது. குளிருக்குச் செய்த வேலையை இங்க வண்டியில தங்கிப் பார்த்துச் சோதிக்க முடியாது. சரியா செய்தாலும் ஒண்ணுதான், செய்யாம விட்டாலும் ஒண்ணுதான். வித்தியாசம் தெரியறது மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி. அது அந்தப் பட்டறைக்காரருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

நம்பினது எப்படின்னு சொல்றேன். சுவர்ல வெட்டி எடுத்த மாதிரி ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரித் துண்டு வச்சிருந்தார். வெளியே தகரம், நடுவுல நீலக் கலர் அட்டை, உள்ளே பிளைவுட். ஃப்ரிட்ஜுல இருந்து ஐஸ் கட்டியை எடுத்துத் தகரத்து மேல வச்சார். பத்து நிமிஷம் கழிச்சு, “இப்ப கை வச்சுப் பாருங்க”ன்னு பிளைவுட் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். துளி தணுப்பு இல்லை. “மக்கா, எனக்க பிள்ள படுத்து ஒறங்குற வண்டின்னு நெனச்சுக் கெட்டித் தாறேன், ஒரு பேடியும் வேண்டாம்”னார். அன்னைக்கே ரெண்டு லட்சம் கொடுத்தோம். பில் போட்டா ஜிஎஸ்டி கூடும், கைச்சீட்டு தாறேன்னார். அதுக்கும் சம்மதிச்சோம்.

அந்த மாதிரித் துண்டு மட்டும்தான் உண்மை. வண்டியில அது இல்லை.

அங்க போய் நாலாம் நாள் காலையில படுக்கைக்குப் பின்னால சுவர் நனைஞ்சிருந்தது. ஸ்க்ரூவைக் கழட்டினதும் துளை வழியா வெள்ளை வெள்ளையா மணி உதிர்ந்து விழுந்தது. குளச்சல்ல மீன் அடுக்குற தெர்மோகோல் பெட்டி உடைஞ்சா உதிருமே, அதே மணி. பிளைவுட்டை எடுத்துப் பார்த்தா 20 மில்லிமீட்டர் தெர்மோகோல், அதுவும் துண்டு துண்டா, நடுவுல ரெண்டு விரல் போற இடைவெளி. எக்ஸ்பிஎஸ்ஸை உடைச்சா மணி வராது, பிஸ்கட் மாதிரி ஒரே தளமா முறியும். தண்ணியும் குடிக்காது. வண்டியோட இரும்பு விலா எலும்பு மேல எந்த அட்டையும் ஒட்டவே இல்லை. உள்ளே ரெண்டு பேர் விடுற மூச்சுலயும் சமையல்லயும் வர்ற ஈரம் முழுக்க அந்தக் குளிர்ந்த இரும்புல போய் முத்தாகி வழிஞ்சு பிளைவுட்டுக்குள்ள இறங்கிச்சு. மரைன் பிளைவுட்டா இருந்தா ஓரத்துல ஐஎஸ் 710 முத்திரை இருக்கும். இதுல இருந்தது ஐஎஸ் 303. சாதாரண அலமாரிப் பலகை. மூணு வாரத்துல அடுக்கடுக்காப் பிரிஞ்சு உப்பிடுச்சு.

அடுத்தது பேட்டரி. 200 ஆம்பியர் அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரின்னா 20 கிலோவுக்கு மேல இருக்கணும். ஆப்பிள் பெட்டி எடைபோடுற தராசுல வச்சுப் பார்த்தோம். 13 கிலோ. 20 ஆம்பியர் லோடு போட்டா பத்து மணி நேரம் நிக்கணும், நின்னது அஞ்சரை மணி நேரம். அதாவது 110 ஆம்பியர் அவர். மேல 200-ன்னு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்காங்க.

அதைவிடப் பெரிய தப்பு, பேட்டரியை வண்டிக்கு அடியில இரும்புப் பெட்டியில, வெளிக் காத்துல வச்சது. இந்த வகை பேட்டரியில இருந்து பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் கரன்ட் எடுக்கலாம். ஆனா சார்ஜ் ஏத்தவே கூடாது. ஏத்தினா லித்தியம் உள்ளே போகாம தகட்டு மேலேயே உலோகமாப் படிஞ்சிடும், அந்தக் கொள்ளளவு திரும்ப வராது. அதுக்குத்தான் பிஎம்எஸ்ல (பேட்டரியைக் காக்குற சர்க்யூட்) குளிர்ல சார்ஜை வெட்டுற சென்சார் இருக்கணும். “எல்லாம் உண்டு மக்கா”ன்னார். பெட்டியைத் திறந்தா சென்சார் ஒயரே இல்லை. காலையில மைனஸ் 4-ல சோலார் பேனல் வெயில் பட்டதும் அது பாட்டுக்கு சார்ஜ் ஏத்திக்கிட்டே இருந்திருக்கு. இருந்த பாதியும் அப்படியே செத்துட்டிருக்கு.

ஹீட்டர் கதை தனி. இந்த ஹீட்டர் பத்த வைக்கும்போது உள்ளே இருக்குற பிளக் 10 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், பிறகு 1, 2 ஆம்பியர்தான். பேட்டரியில இருந்து ஹீட்டருக்கு ஆறு மீட்டர் தூரம், போக வர பன்னிரண்டு. அதுக்குப் போட்ட ஒயர் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). 10 ஆம்பியர் போனா அதுலேயே கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் காணாமப் போயிடும். பேட்டரி குளிர்ல ஏற்கெனவே சோர்ந்திருக்கும், கரன்ட் போய்ச் சேர்றப்ப வோல்டேஜ் போதலைன்னு ஹீட்டர் எரர் காட்டி அணைஞ்சிடும். 6 ஸ்கொயர் போட்டிருந்தா அரை வோல்ட்கூடக் குறையாது. ஒயர் விலையில மிச்சம் பிடிச்சது எவ்வளவுன்னு நினைக்கிறீங்க?

ஹீட்டருக்குன்னு தனியா 10 லிட்டர் டேங்க். அதை இங்கயே, பார்வதிபுரத்துல நிரப்பிக் கொடுத்துவிட்டார், பெரிய மனசுன்னு நினைச்சோம். டீசல்ல மெழுகு இருக்கு. நம்ம வெப்பத்துக்குன்னு வர்ற டீசல் அந்தக் குளிர்ல, மார்கழியில தேங்காயெண்ணெய் உறையுற மாதிரி வெள்ளையாத் திரிஞ்சு ஃபில்டரை அடைச்சுடும். லடாக்குக்குன்னே இந்தியன் ஆயில் 2019-ல மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத குளிர்கால டீசலைக் கொண்டு வந்தது. அந்த அளவுக்கு இது ஊரறிஞ்ச விஷயம். குளிர் வண்டி கட்டுறேன்னு காசு வாங்குறவருக்குத் தெரியாதா? வழியில அந்த டேங்கைக் காலி பண்ணி, போற இடத்து பங்க்ல நிரப்பிக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உயரத்துல காத்து மெலிசு. அதே அளவு டீசலை பம்ப் அடிச்சா முழுசா எரியாது, கரி படியும். உயரத்துக்குத் தக்க பம்ப் வேகத்தைத் தானாக் குறைக்குற மாடல்னு சொல்லித்தான் 75,000 வாங்கினார். கன்ட்ரோலர்ல அப்படி ஒரு வசதியே இல்லை. பத்து நாள்ல பிளக் கரிக்கட்டை.

இனி எழுதப் போறதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது. ஹீட்டரோட புகைக்குழாய் வண்டிக்கு அடியில போய், பக்கவாட்டுல வெளியே வரணும். எரியறதுக்குக் காத்து இழுக்குற குழாய் அதுக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும். இவங்க ரெண்டையும் ஒரே பக்கம் விட்டு, சைலன்ஸரை கிளாம்ப் போடாமச் செருகி மட்டும் வச்சிருக்காங்க. பாதை குலுங்கினதுல அது கழண்டு, தரையில குழாய்க்குப் போட்ட ஓட்டைக்கு நேர் கீழே புகை. அந்த ஓட்டையும் அடைக்கலை. ராத்திரி மூணு மணிக்கு கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினதாலதான் ரெண்டு பேரும் இன்னைக்கு இருக்கோம். அந்த அலாரம் நாங்களா வாங்கினது, ரெண்டாயிரத்துக்குள்ள. பட்டறையில கேட்டப்ப “அதொக்க எதுக்கு, காத்தோட்டம் உண்டுல்லா”ன்னாங்க. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தூக்கத்துல இருக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

போன் பண்ணினோம். முதல் தடவை: “ஹீட்டர்காரன் சென்னையில, கேட்டுச் சொல்லுதேன்.” ரெண்டாம் தடவை: “அங்க அவ்வளவு தணுப்புன்னு நீங்க சொல்லல்லியே சார்.” மக்கா போய் சார் வந்துடுச்சு. எழுதிக் கொடுத்த தாளை வாட்ஸ்அப்ல அனுப்பினோம், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூணாம் தடவை சொன்னதுதான் பொறுக்க முடியலை: “ராத்திரி கேஸ் அடுப்பக் கத்திச்சு வச்சிட்டுப் படுங்க, சூடு வந்திரும்.” மூடின வண்டிக்குள்ள அடுப்பை எரிய விட்டுத் தூங்கச் சொல்றார்! ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரைக் கிலோவுக்கு மேல தண்ணி ஆவியா வரும், உள்ளே இருக்குற ஆக்சிஜனையும் அதுதான் தின்னும். நாலாவது: “நீங்களே சுவரைக் கழட்டிட்டீங்க, இனி வாரண்டி இல்லை.” இன்னைக்குக் காலையில நேர்ல போனா ஆள் கல்யாண வீட்டுக்குப் போயிருக்காராம். வேலைக்கு நிக்குற பையன் பாவம், டீ வாங்கித் தரட்டுமான்னு கேக்குறான். மேசை மேல அந்த மாதிரித் துண்டு துடைச்சு வச்ச மாதிரி நிக்குது.

தண்ணி பம்ப் உறைஞ்சு தலை வெடிச்சதையும், தண்ணியை வடிக்க வால்வே வைக்காததையும் எழுதலை. ஆர்.சி.யில மாற்றம் பதிவு பண்ணித் தாறேன்னு சொல்லி அதையும் செய்யலை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி இல்லாம வண்டி அமைப்பை மாத்தினா மாட்டுறது வண்டிக்காரங்கதான், பட்டறை இல்லை.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப முடியலை. அவசரத்துக்கு இது மட்டும்:

சுவரை மூடுறதுக்கு முன்ன போய் நில்லுங்க, ஒவ்வொரு பலகையையும் போட்டோ எடுங்க. கையில கிடைக்கிற அட்டையை முறிச்சுப் பாருங்க.

பேட்டரியை எடை போடுங்க. 60 வாட் ஹெட்லைட் பல்பு நாலு மாட்டி எத்தனை மணி நேரம் எரியுதுன்னு பாருங்க. குளிர்ச் சோதனைக்கு இங்கயே வழி உண்டு: பேட்டரியை பிளாஸ்டிக் ஷீட்டுல தண்ணி புகாமச் சுத்தி, மீன் பெட்டியில ஐஸும் கல்லுப்பும் கலந்து நடுவுல ராத்திரி முழுக்க வையுங்க. உப்புச் சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகும். காலையில வெளியே எடுத்துத் துடைச்ச கையோட சார்ஜர் போட்டதும் கரன்ட் ஏறினா உடனே நிறுத்திட்டு பேட்டரியைத் திருப்பிக் கொடுங்க.

அலாரம் இல்லாம ஹீட்டரைப் பத்த வைக்காதீங்க.

பில் இல்லாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. ஏற்கெனவே ஏமாந்தவங்க 1915-க்குப் போன் பண்ணுங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு கொடுக்கலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. எங்களோடது 4,35,000, அதுக்குள்ளதான் வருது. கைச்சீட்டு, பணம் அனுப்பின வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்தாச்சு.

நாளைக்குக் கோட்டாறுல கடைத் தராசுல பேட்டரியை மறுபடி எடைபோட்டுப் படம் போடுறேன். 4,35,000-ல எவ்வளவு திரும்பி வந்தாலும், வராட்டாலும், இதே பதிவுல எழுதுறேன்.