1010 கிளாரினெட்டும் அதன் சொந்த மவுத்பீஸும்: எட்டு வருட அனுபவம்

பிரிட்டிஷ் நிறுவனமான பூஸி அண்ட் ஹாக்ஸின் பழைய 1010 மாடல் கிளாரினெட் ஜோடி, பி-ஃபிளாட் சுருதியில் ஒன்று, ஏ சுருதியில் ஒன்று, என் கைக்கு வந்தபோது பெட்டியில் மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் முனை, மட்டும் இல்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த பிரெஞ்சு வகை மவுத்பீஸை மாட்டி ஊதினேன். நாதம் கனமாக, நிறைவாக வந்தது. ஃபிரெடெரிக் தர்ஸ்டன், ஜாக் பிரைமர் போன்ற ஆங்கிலேயக் கிளாரினெட் கலைஞர்கள் இந்த மாடலை ஏன் விரும்பினார்கள் என்று அந்த நிமிடமே புரிந்தது.

ட்யூனரை எடுத்து வைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நடுவில் வரும் ஜி, ஏ, பி-ஃபிளாட் சுரங்கள் மூன்றும் சுருதியைத் தாண்டி ஏறி நின்றன. மவுத்பீஸுக்கு அடுத்துள்ள சிறு குழாயான ‘பேரல்’-ஐ வெளியே இழுத்தால் அவை இறங்கின. ஆனால் கீழ்ச் சுரத்துக்கும், மேல் ஸ்தாயிக்குத் தாவ உதவும் ரிஜிஸ்டர் கீயை அழுத்தினால் வரும் மேல் சுரத்துக்கும் உள்ள இடைவெளி ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒரு வருடம் உதட்டாலேயே சமாளித்தேன். தாடை வலித்ததுதான் மிச்சம்.

காரணம் துளையின் அளவு. 1010-இன் உட்துளை சுமார் 15.2 மி.மீ.; இன்றைய பிரெஞ்சு வகைக் கிளாரினெட்டுகளில் 14.6 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். அதோடு, பிரெஞ்சு மவுத்பீஸின் துளை உள்ளே போகப் போகக் குறுகும். 1010-க்கு உரியதில், ஊதும் வாய்க்கு உட்புறம் உள்ள குழிவான ‘அறை’ தொடங்கும் வரை ஒரே அகலமாக நேராகப் போகும். ஆக, உள்ளே அடங்கும் காற்றின் அளவே வேறு. பெரும்பாலான துளைகளைத் திறந்து வாசிக்கும் சுரங்களில் காற்றுத்தம்பம் குட்டையானது, அதில் மவுத்பீஸின் பங்கு அதிகம். அதனால்தான் அந்த மூன்று சுரங்கள் முதலில் கெடுகின்றன.

சரி, ஒரிஜினலையே தேடுவோம் என்று இறங்கினேன். முதலில் வாங்கியதில் நிறுவனத்தின் முத்திரை பளிச்சென்று இருந்தது. ஊதினால் பழைய கதைதான். அதே நிறுவனம் எட்ஜ்வேர், எம்பரர் என்று வேறு மாடல்களையும் ஏராளமாகச் செய்தது. அவற்றின் துளை இவ்வளவு பெரிது இல்லை. முத்திரையை மட்டும் நம்பிய தவறு என்னுடையது. இரண்டாவது, யாரோ துளையைக் கடைந்து பெரிதாக்கியது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே வட்ட வட்டமாகக் கீறல்கள்.

அதன் பிறகு ஒரு மரக்குச்சியைச் சரியாக 15 மி.மீ. பருமனுக்கு உருட்டித் தேய்த்து வைத்துக்கொண்டேன். நேரான துளை என்றால் குச்சி தடங்கலில்லாமல் அறை வரை போகும். குறுகும் துளை என்றால் வாயிலிலேயே நின்றுவிடும். தொலைவில் இருக்கும் விற்பனையாளரிடமும் இதையே செய்து பார்த்துப் படம் அனுப்பச் சொன்னேன். பலர் பதிலே போடவில்லை. ஒருவர் அனுப்பினார், அதுதான் இன்று என்னிடம் இருப்பது.

மவுத்பீஸின் எபோனைட் (கெட்டி ரப்பர்) வெளிச்சம் பட்டுப் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாக மாறியிருந்தது. ஈர விரலால் தேய்த்தால் கந்தக வாடை. அது கிடக்கட்டும், நிறத்தால் நாதம் கெடாது. உண்மையான குறை ஃபேசிங்கில், அதாவது ரீட் படியும் வளைந்த முகப்பில், இருந்தது. கண்ணாடி அளவுகோலின் மேல் வைத்து மெல்லிய தகட்டைச் செருகினால் இடப்பக்க விளிம்பில் ஒரு கோடு அதிகம் இறங்கியது. ரீட் (அதிர்ந்து நாதம் தரும் மெல்லிய நாணல் தகடு) கீச்சிட்டதற்குக் காரணம் அதுதான். அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து, விளிம்பை மட்டும் சமன் செய்யுங்கள், அறையையும் துளையையும் தொட வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். அறையைச் சுரண்டிவிட்டால் ஒரிஜினலைத் தேடியதற்கே அர்த்தம் இல்லாமல் போயிருக்கும்.

ஆறு வருடமாக இதில்தான் கச்சேரி வாசிக்கிறேன். பி-ஃபிளாட் சுரத்துக்குக் கூடுதல் விரல் வைத்து இறக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. வெந்நீர் காட்டுவதில்லை, எபோனைட் நிறம் மாறும், கோணும். பச்சைத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். தினசரிப் பயிற்சிக்கு, இதே பெரிய துளைக்கென்று பீட்டர் ஈட்டன் செய்த மவுத்பீஸ் ஒன்று வைத்திருக்கிறேன். சுருதி அதிலும் சுத்தம்; கீழ்ச் சுரங்களின் கனம் மட்டும் பழையதில் ஒரு பிடி கூடுதல் என்பது என் காது சொல்வது.

ஆர்கெஸ்ட்ராவில் பி-ஃபிளாட் கிளாரினெட்டிலிருந்து ஏ கிளாரினெட்டுக்கு மாறும்போது, ரீட் காயாமல் இருக்க இதே மவுத்பீஸை ரீட்டோடு கழற்றி அதில் மாட்டுவேன். சில சமயம் அதற்குக் கிடைப்பது நாலு பார் (தாள வட்டம்) நேரம்தான். அப்படி மாற்றி மாற்றியே மவுத்பீஸின் அடியில் சுற்றியுள்ள கார்க் தேய்ந்துவிடுகிறது. இதுவரை மூன்று முறை புதிதாக ஒட்டியாயிற்று.