பெரிய பூஸ்டர் போடச் சொன்னால் முதலில் வாக்குவம் அளக்கச் சொல்லுங்கள்: மலைப்பாதை பிக்கப்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கம்பம், கூடலூர், போடி, செங்கோட்டை பக்கம் பழைய டீசல் பிக்கப் வைத்துக் கேரளாவுக்கு லோடு அடிப்பவர்கள் இதைக் கடைசி வரை படியுங்கள். பிரேக் கட்டையாக இருக்கிறது என்று பட்டறைக்குப் போகும்போது, "பெரிய பூஸ்டர் போட்டுடலாம், எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், சாவியைக் கொடுப்பதற்கு முன் கேஜ் வைத்து வாக்குவம் அளந்து காட்டச் சொல்லுங்கள். பூஸ்டர் என்பது நம் கால் மிதிக்கு வலு சேர்க்கும் டப்பா; காற்றை உறிஞ்சி எடுத்த வெறுமைதான் வாக்குவம், பூஸ்டர் வேலை செய்வதே அதை வைத்துத்தான். கேஜே இல்லாத பட்டறையில் பூஸ்டர் வேலை கொடுக்கவே வேண்டாம்.

எங்களுடையது 2007 மாடல் டீசல் பிக்கப். நானும் தம்பியும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம், இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் சோறு. கம்பத்திலிருந்து காய்கறி, வாழைத்தார், சீசனில் பன்னீர் திராட்சை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப், குமுளி, வண்டிப்பெரியார் வழியாகக் காஞ்சிரப்பள்ளி, கோட்டயம் வரை போவோம். அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், குமுளி ஏற்றம் பெரிய சோதனை இல்லை. குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரைக்கும் முழு லோடோடு இறங்குவதுதான் பிரேக்குக்குப் பரீட்சை. ஆயிரம் மீட்டருக்கு மேல் இருந்து கிட்டத்தட்ட சமவெளிக்கு இறங்கும் பாதை அது.

வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும் அல்லவா. அந்தச் சமயத்தில் தம்பி சொன்னான்: "அண்ணே, முதல் மிதி நல்லா இருக்கு. அடுத்தடுத்து மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்குது." இந்த ஒரு வரியிலேயே நோய் என்ன என்பது இருக்கிறது. பிரேக் வேலை தெரிந்த எவரும் இதைக் கேட்டவுடன் வாக்குவம் பம்ப் இருக்கும் டைனமோ பக்கம்தான் பார்ப்பார்கள்.

நாங்கள் போன பட்டறை எல்லை தாண்டி மலை மேலே இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரும் ஊரும் இங்கே போடவில்லை. முதலாளி நன்றாகத் தமிழ் பேசுவார். பெடலை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, "பூஸ்டர் போச்சு. இதே அளவு போட்டா மலைக்குத் தாங்காது. பெரிய பூஸ்டர், பெரிய மாஸ்டர் சிலிண்டர், ரெண்டும் சேர்த்துப் போட்டுடறேன். அப்புறம் விரலால தொட்டாலே நிக்கும்" என்றார். மாஸ்டர் சிலிண்டர் என்பது பிரேக் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் உருளை. புது ஒரிஜினல் சாமான், பிரேக் ஆயில் முழுசாக மாற்றுவது, கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். பழைய பூஸ்டரை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி அவர்களே வைத்துக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு ஜி.எஸ்.டி. எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு ஒன்றில் எழுதிக் கொடுத்தார்கள். பணத்தை மட்டும் ஃபோனில் அனுப்பியிருந்தேன், அது இன்றைக்கு உதவுகிறது.

பட்டறைக்கு வெளியே காலி வண்டியில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. லைனிங்கை அட்ஜஸ்ட் செய்து பிரேக் குழாயில் சேர்ந்த ஏரை எடுத்தாலே முதல் மிதி யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். லோடு ஏற்றி ஓட ஆரம்பித்ததும் பழைய கதை திரும்பியது. மூன்றாவது மிதிக்குப் பெடல் கட்டை. அதோடு புதிதாக ஒன்று: கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு இறுக்கம், வீலைத் தொட முடியாத சூடு. டீசலும் கூடுதலாகக் குடித்தது. ஃபோன் செய்தால், "புதுசு, அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்" என்று பதில்.

முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு தம்பி குட்டிக்கானம் தாண்டி இறங்கியபோதுதான் அது நடந்தது. வளஞ்ஞங்கானம் அருவி கழிந்து கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை. முன் வீல்களில் புகை. மிதித்தால் பிடிப்பு இல்லை, அடுத்த வளைவுக்குள் பெடல் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தான், அதுதான் அவனைக் காப்பாற்றியது. முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப்பக்க ஓடையில் வண்டியை உரசி நிறுத்தியிருக்கிறான். பின்னால் ஜீப்பில் வந்தவர்கள் வண்டிப்பெரியார் எஸ்டேட் லயத்துத் தமிழர்கள். ஓடிவந்து வீலுக்குக் கல் வைத்து, அவனைக் கீழே இறக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. அந்த வளைவில் எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

முண்டக்கயத்திலிருந்து வந்த மெக்கானிக் செய்த முதல் வேலையை எல்லா டிரைவர்களும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சூடு தணிந்த பிறகும் வீல்கள் இறுகித்தான் இருந்தன. அவர் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, நடுவில் சின்ன இடைவெளி விட்டார். உடனே வீல்கள் விட்டுவிட்டன. பூஸ்டருக்குள்ளிருந்து வரும் புஷ் ராடு நீளமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டாம். ராடு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை எப்போதும் லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். ஓடும்போது ஆயில் சூடாகி விரியும், திரும்பப் போக வழி இல்லாமல் லைனிங்கைத் தானாகவே அழுத்தும். அழுத்த அழுத்த இன்னும் சூடு. ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் விட வேண்டிய மயிரிழை இடைவெளி ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி மேனுவலில் இருக்கிறது. வேறு வண்டியின் பூஸ்டரைக் கொண்டுவந்து மாட்டுகிறவன் அதை அளந்து திருகி வைக்காவிட்டால், அது கொலைக்குச் சமமான வேலை.

வண்டியைக் கட்டி இழுத்து உத்தமபாளையம் கொண்டுவந்தோம். அங்கே பிரேக் வேலை மட்டுமே செய்யும் ஒருவரிடம் விட்டேன். அவர் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் ஒவ்வொன்றையும் கழற்றினார்.

முதலில் கேஜை மாட்டினார். பெட்ரோல் இன்ஜினில் காற்று உறிஞ்சும் குழாயிலேயே பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது, அதனால் தனிப் பம்ப் வைத்திருக்கிறார்கள். நம் பழைய பிக்கப் பலவற்றில் அது டைனமோவின் பின்னாலேயே, இன்ஜின் ஆயிலில் ஓடுகிற மாதிரி இருக்கும். வாக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள், நல்ல பம்ப் என்றால் 25 அங்குலத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். எங்கள் வண்டியில் 15. பம்பின் உள்ளே இருக்கும் பிளேடுகள் தேய்ந்து போயிருந்தன. ஆக, முதல் நாளிலிருந்தே நோய் பம்பில்தான். எங்கள் பழைய பூஸ்டரில் கோளாறு இருந்ததா என்று சோதிக்க, அது எங்கள் கையிலேயே இல்லை.

அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார், எனக்கு அது மறக்காது. ஒன்பது அங்குலக் குறுக்களவுள்ள பூஸ்டர் 25 அங்குல வாக்குவத்தில் தோராயமாக 350 கிலோ விசை உதவி கொடுக்கும். அதே பூஸ்டருக்கு 15 அங்குலம்தான் கிடைத்தால் 210 கிலோ. பத்து அங்குலப் பூஸ்டருக்கு மாற்றினால் அதே 15-இல் 260 வரும். நல்ல பம்ப் இருக்கிற சின்னப் பூஸ்டரைவிட அது இன்னும் 90 கிலோ குறைச்சல். இதோடு முக்காலே அரைக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு ஒரு அங்குலத்தைப் போட்டிருந்தார்கள். பிஸ்டன் பெரிதானால் அதே தள்ளுக்கு ஆயில் அழுத்தம் குறையும், இங்கே நூற்றுக்கு 23 பங்கு. பெரிய பூஸ்டரால் கிடைத்த லாபம் முழுவதும் அங்கேயே போய்விட்டது. போதாததற்கு, பெரிய பூஸ்டரில் ஒவ்வொரு மிதிக்கும் உறிஞ்சி எடுக்க வேண்டிய காற்றும் அதிகம். தேய்ந்த பம்ப் அடுத்த மிதிக்குள் அதைக் காலி செய்யாது. குமுளி உயரத்துக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், பூஸ்டரைத் தள்ளுவதே அந்தக் காற்றுதான். 18,500 ரூபாய்க்கு நாங்கள் வாங்கியது என்ன என்பது அந்தக் காகிதத்தில் தெளிவாக இருந்தது.

மற்றவை இன்னும் கேவலம். "புது ஒரிஜினல்" பூஸ்டரில் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினால் கீழே துரு. இரண்டு தகடும் சேரும் விளிம்பை நெம்பித் திறந்து மறுபடி அடித்த தடயம் அப்படியே தெரிந்தது. பம்பிலிருந்து பூஸ்டருக்கு வாக்குவம் ஹோஸ் போடாமல் சாதாரண ரப்பர் டியூபை வெட்டிச் சொருகியிருந்தார்கள், இன்ஜின் சூட்டில் உறிஞ்சும்போது அது உள்பக்கமாகச் சப்பிக்கொள்கிறது. முழுசாக மாற்றியதாக எழுதிய பிரேக் ஆயில், வீலில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் கறுப்பாக வந்தது. இது சின்ன விஷயம் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ரக ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் ஆவி, ஆவியை அழுத்தினால் பெடல் உள்ளே போகும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

பம்ப், சரியான ஹோஸ், ஒன்வே வால்வு, கம்பெனி அளவிலேயே பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும், லைனிங், ஆயில் எல்லாம் மாற்றினோம். இப்போது கேஜ் 25-ஐத் தொடுகிறது, அதே சின்னப் பூஸ்டரில் முழு லோடோடு தைரியமாக இறங்குகிறோம். பெரிய பூஸ்டர் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பம்ப் நல்ல நிலையில் இருந்து, பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடியாக இருந்து, ராடு இடைவெளி அளந்து வைத்தால் செய்யலாம். ஆனால் பழைய வண்டி பத்தில் ஒன்பதுக்குக் கம்பெனி கொடுத்ததை நல்ல நிலைக்குக் கொண்டுவந்தாலே போதும் என்பது என் கருத்து.

பட்டறைக்குப் போகுமுன் நீங்களே பார்க்கலாம். இன்ஜினை நிறுத்தி, பெடல் கட்டையாகும் வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ, ஹோஸோ, வால்வோ, பம்போ ஏதோ ஒன்று சரியில்லை. அப்புறம் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி மிதித்துப் பாருங்கள், முதல் இரண்டு மூன்று மிதி மென்மையாக இருக்க வேண்டும். முதல் மிதியே கட்டை என்றால் வாக்குவம் தங்கவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்தாலும் டைனமோ பம்ப் சரியாகச் சுற்றாது, அதையும் பாருங்கள். டீசல் மிச்சம் என்று இன்ஜினை நிறுத்தி மலை இறங்குகிற டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம் தம்பிகளா, அந்த இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவி இருக்காது.

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், எக்ஸ்சேஞ்ச் என்றாலும் ஃபோட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பட்டறைக்காரர் கடைசியில் சொன்னது, "டிரைவர் பிரேக்கிலேயே கால் வச்சு இறங்கியிருப்பான்" என்பது. கூலி மட்டும் கொடுத்தால் வேறு பூஸ்டர் மாட்டித் தருவாராம். மறுத்துவிட்டேன். வேறு மாநிலத்துப் பட்டறை, அலைய முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், தேனிக்காரன் தேனியிலேயே. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். சரக்கு வண்டி வணிகத்துக்கு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், சொந்தப் பிழைப்புக்காக நாமே ஓட்டும் வண்டிக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

என் புகாரோடு எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, கேஜ் ஃபோட்டோ, சுரண்டிய பூஸ்டரின் படம், உத்தமபாளையம் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாம் சேர்த்திருக்கிறேன். பெயின்ட் அடித்த அந்தப் பூஸ்டரைச் சாட்சிப் பொருளாக வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே மாதிரி பெரிய பூஸ்டர் மாட்டப்பட்ட வண்டி உங்களிடம் இருந்தால், அடுத்த லோடுக்கு முன் முன்வீல் சூட்டையும் ராடு இடைவெளியையும் பார்த்துவிட்டு, எனக்கும் சொல்லுங்கள்.