கிங் நாளுக்கு எந்த உரை: 1963-ஆ, 1967-ஆ?

ஜனவரி மூன்றாம் திங்கள், அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நாள். வகுப்பிலோ வாசகர் வட்டத்திலோ அவருடைய ஒரே ஒரு உரைக்குத்தான் இடம் என்றால் எதைப் போடுவது?

நேரம்: 1963-ல் பேசிய 'எனக்கொரு கனவு' சுமார் 17 நிமிடம். 1967-ல் நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியது ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

எளிமை: கனவு உரை யாருக்கும் புரியும். மற்றதற்கு வியட்நாம் வரலாறு கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

காரம்: விஷயமே இங்கேதான். 1963 உரையும் ஒன்றும் சாது அல்ல. கறுப்பின மக்களுக்கு நாடு கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது என்கிறார். போலீஸ் கொடுமையையும் சொல்கிறார். விழா மேடைகளில் அதையெல்லாம் வெட்டிவிட்டு, கடைசிக் கனவுப் பகுதியை மட்டும் ஒலிக்க விடுவார்கள். 1967 உரையில் அந்த வசதி இல்லை. உலகிலேயே வன்முறையை அதிகம் பரப்புவது என் சொந்த அரசுதான் என்று நேராகவே சொல்கிறார். நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் அவரைத் தலையங்கத்தில் சாடின. 1983-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட விடுமுறை எந்தக் கிங்குக்கு என்று சொல்லவா வேண்டும்!

சரி, சிறுவர்கள் என்றால் கனவு உரை, ஆனால் முதல் வரியிலிருந்து. கல்லூரி மாணவர்கள், தொழிற்சங்கத்தினர் என்றால் யோசிக்காமல் 1967. போரையும் ஏழைகளின் நிலையையும் அதில் இணைத்துப் பேசுகிறார்; அடுத்த ஆண்டு மெம்பிஸில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவர் ஏன் போனார் என்பதும் அப்போதுதான் விளங்கும்.