ஈரோட்டில் ஒரு சனிக்கிழமை ஆங்கில வகுப்பு: அறிவுரைக் கடிதம் எழுதப் பழக்குகிறார்கள்

சூரம்பட்டிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தன் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலையில் நடத்தும் எழுத்து வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரமும் கிடையாது. எட்டாவது முதல் பிளஸ் ஒன் வரை படிக்கிற பிள்ளைகள், ஒரு பேட்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், மாதம் 800 ரூபாய். என் மகள் ஒன்பதாவது, இங்கிலீஷ் மீடியம்தான். பாடத்தை வாசிப்பாள், யாராவது பேசினால் புரிந்துகொள்வாள், ஆனால் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனா நகராது. இப்போது ஒரு பக்கம் எழுதிவிட்டு இன்னும் இடம் போதவில்லை என்கிறாள்.

இதற்கு முன்னால் ஒரு பெரிய கோச்சிங் சென்டருக்கு அனுப்பினோம். அங்கே அறிவுரைக் கடிதம் என்றால் ஒரே கடிதம்தான், எல்லாப் பிள்ளைகளும் அதையே மனப்பாடம் செய்ய வேண்டும்: நன்றாகப் படி, உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்தை வீணாக்காதே. கேட்டவனுக்கு என்ன கஷ்டம் என்பதற்கு அதில் இடமே இல்லை.

இந்த டீச்சர் தொடங்குவதே கஷ்டத்தில் இருந்துதான். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கோ தெரிந்த ஒருவருக்கோ இருக்கும் பிரச்சினையை, பெயர் போடாமல், நாலைந்து வரி ஆங்கிலத்தில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் அது வேறொரு பிள்ளை கைக்குப் போகும், அந்தப் பிள்ளை பதில் எழுத வேண்டும். எழுதினவர் அதே அறையில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார், யாரென்று தெரியாது, ஆனால் பதிலைப் படிக்கப் போகிறார் என்பது தெரியும். என் மகளை எழுத வைத்தது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். சீட்டுகளை டீச்சர் முதலில் தானே படித்துவிடுகிறார். விளையாட்டில்லாத விஷயம் ஏதாவது வந்தால் அதைச் சுற்றுக்கு விடுவதில்லை, அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறார். குழந்தைகள் உதவி எண் 1098 போர்டின் ஓரத்தில் எப்போதும் எழுதியிருக்கும். பெற்றவர்களுக்கு இது பெரிய தைரியம்.

ஒரு சீட்டு, வீரப்பன்சத்திரம் பக்கத்துப் பிள்ளையாக இருக்கும் போல. வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை, ராத்திரி ஷிப்டும் ஓடுகிறது, சத்தத்தில் படிக்க முடியவில்லை, சொன்னால் அப்பா கோபப்படுகிறார். என் மகள் எழுதிய முதல் பதில், அமைதியான இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது. ஆங்கிலத்தில் ஒரு பிழை கிடையாது. டீச்சர் அதற்கு டிக் போடவில்லை, ஓரத்தில் "அமைதியான இடம் அந்தப் பிள்ளைக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். இரண்டாவது தடவை எழுதியதைப் பார்க்க வேண்டுமே! கணக்கைச் சத்தத்திலும் போடலாம், அதை வீட்டில் வைத்துக்கொள், மனப்பாடம் செய்ய வேண்டியதைப் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் முடி, அம்மாயி வீடு பக்கத்தில் இருந்தால் பரீட்சை வரைக்கும் அங்கே படுத்துக்கொள்ளலாமா என்று அப்பாவிடம் இல்லாமல் அம்மாவிடம் முதலில் கேள். தறி ஓடினால்தான் பீஸ் கட்ட முடியும் என்று அப்பா நினைத்திருக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இலக்கணம் இல்லையா என்றால் இருக்கிறது, தேவைப்படும் இடத்தில் வருகிறது. ஷுட், ஆட் டு (ought to), இஃப் ஐ வேர் யூ, வொய் டோன்ட் யூ எல்லாம் போர்டில் போட்டு, எது மெதுவாகச் சொல்கிறது, எது அழுத்திச் சொல்கிறது என்று வரிசைப்படுத்தச் சொல்கிறார். ஹேட் பெட்டர் (had better) போட்டால் கேட்காவிட்டால் கெடுதல் வரும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வருகிறது, அதை எல்லாவற்றுக்கும் போடாதே என்கிறார். அப்புறம் ஒரே பிரச்சினைக்கு இரண்டு கடிதம்: ஒன்று சித்தப்பா பையனுக்கு, இன்னொன்று மாமாவுக்கு. பெரியவர்களிடம் "ஏனுங் மாமா, இப்படிப் பண்ணிப் பார்க்கலாமுங்களா" என்று வாய்நிறைய மரியாதையாகப் பேசுகிற நம்மூர்ப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் மட்டும் மாமாவுக்கும் யூ மஸ்ட் என்று எழுதிவிடுகிறார்கள். பேசும்போது இருக்கும் அந்தப் பணிவை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று இரண்டு வகுப்பு நிதானமாகச் செய்தார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததில்லை.

நடுநடுவே கதையும் உண்டு. 1691இல் லண்டனில் ஜான் டன்டன் என்பவர் ஒரு பத்திரிகை தொடங்கி, வாசகர்கள் பெயர் சொல்லாமல் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் போட்டதையும், அமெரிக்காவில் 1950களில் இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு அறிவுரைப் பகுதி எழுதியதையும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மகள் அதைச் சொல்ல, தினமலர் வாரமலரில் எழுத்தாளர் அனுராதா ரமணன் வாசகர்களுக்கு எழுதிய பதில்களை வாராவாரம் காத்திருந்து படித்ததை என் மாமியார் எடுத்துவிட, அன்றைக்குச் சாப்பாடு முடிய ரொம்ப நேரமானது.

குறையும் உண்டு. திருத்திய தாள் கைக்கு வர இரண்டு வாரம் ஆகிறது, அதற்குள் பிள்ளைகள் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுகிறார்கள். கையால் எழுதிய தாள்கள் இத்தனையையும் ஒரே ஆள் திருத்துகிறார், புரிகிறது, ஆனாலும் பேட்ச்சை எட்டுப் பேரோடு நிறுத்தினால் நல்லது. இன்னொன்று, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான ஃப்ரம், டு, சப்ஜெக்ட் போட்டு எழுதும் ஃபார்மல் லெட்டர் இங்கே கிடையாது. மார்க் மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். மாடிப்படி குறுகல், மழைக்காலத்தில் வழுக்குகிறது, அதையும் சரி செய்ய வேண்டும்.

பத்தாவது போகிற வருஷமும் மகளை இங்கேயே தொடர வைக்கப் போகிறேன், ஃபார்மல் லெட்டரை வீட்டில் நானே பழக்கிக்கொள்கிறேன். ஜூனில் புது பேட்ச் ஆரம்பிக்கிறது. சேர்க்கும் முன் பிள்ளையை ஒரு வகுப்பில் சும்மா உட்கார வைத்துப் பார்க்கச் சொல்கிறார், அதற்குக் காசு வாங்குவதில்லை.