லாகின் ஆகிறது, லிஸ்ட் வரவில்லை: ஆக்டிவ், பேசிவ், எஸ்எஃப்டிபி

எஃப்டிபி என்பது கணினிகளுக்கிடையே ஃபைல் அனுப்பும் பழைய முறை; ஃபைல்ஸில்லா அதற்கான மென்பொருள். அதில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் சர்வர் உள்ளே விடுகிறது. ஃபோல்டர் பட்டியலைக் கேட்டதும் நின்றுவிடுகிறது. 20 விநாடி கழித்து ஒரு சிவப்பு வரி. இதைப் பார்த்ததும் பாஸ்வேர்டை மாற்றக் கிளம்ப வேண்டாம், அது சரிதான்.

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்பு வேண்டும். கட்டளைகள் 21ஆம் போர்ட்டில், அதாவது கணினியின் அந்த எண்ணுள்ள கதவில், போகும். பட்டியலும் ஃபைலும் தனி இணைப்பில் வரும். 1971இல் அபய் பூஷண் இதன் முதல் வரைவை எழுதியபோது வீட்டு ரவுட்டர் என்ற பொருளே கிடையாது. இன்று வீட்டிலுள்ள எல்லாச் சாதனத்துக்கும் சேர்த்து வெளியே ஒரே முகவரி; ரவுட்டர் செய்யும் இந்த முகவரி மாற்றத்துக்கு நாட் என்று பெயர். உள்ளிருந்து கிளம்பிய அழைப்புக்குப் பதில் வந்தால் ரவுட்டர் விடும். தானாக வருவதை வாசலிலேயே நிறுத்தும்.

பட்டியலுக்கான இணைப்பைச் சர்வரே தொடங்கும் ஆக்டிவ் முறை இந்த வாசலில்தான் மாட்டுகிறது. "நான் 192.168.1.5, இந்த போர்ட்டில் என்னைக் கூப்பிடு" என்று உங்கள் கணினி சர்வரிடம் சொல்கிறது. அந்த முகவரி வீட்டைத் தாண்டினால் செல்லாது. சில ரவுட்டர்கள் ஏஎல்ஜி என்ற வசதியால் அந்த வரியை எட்டிப் பார்த்துத் திருத்தி அனுப்பும். ஆனால் டிஎல்எஸ் என்ற பூட்டு சேர்த்த எஃப்டிபியான எஃப்டிபிஎஸ்ஸில் கட்டளையே என்கிரிப்ட் ஆகிப் போவதால் ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. நேற்று வரை ஓடியது டிஎல்எஸ் போட்டதும் நின்றால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

பேசிவ் முறையில் சர்வர் ஒரு போர்ட்டைச் சொல்லும், நீங்கள் அதற்கு இணைவீர்கள். வெளியே உள்ள சர்வருக்கு வீட்டிலிருந்து ஃபைல் ஏற்ற இது போதும். சர்வரே உங்கள் வீட்டில் இருந்தால் தலைவலி இடம் மாறும். என் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் சர்வர் போட்டு, ரவுட்டரில் 21ஐ மட்டும் ஃபார்வர்ட் செய்துவிட்டு (வெளியிலிருந்து வருவதை அதற்குத் திருப்பிவிட்டு) ஒரு மாலை முழுக்க விழித்தேன். பேசிவ் போர்ட்டுகளுக்கும் ஒரு வரம்பு குறித்து, அதையும் திறக்க வேண்டும்; சர்வர் அறிவிக்கும் முகவரி வெளிமுகவரியாக இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி, ஃபைல்ஸில்லாவின் லாகில் (செய்திப் பதிவில்) 227 என்று தொடங்கும் வரி. அதில் ஆறு எண்கள் இருக்கும். முதல் நான்கு முகவரி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட்: 195, 80 என்றால் 50000. முதல் எண்கள் 192, 168 என்று வந்தால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டான். இந்தச் சோதனையை மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். வீட்டு வைஃபையிலிருந்தே வெளிமுகவரியைக் கூப்பிட்டால் பல ரவுட்டர்கள் சுற்றி உள்ளே விடாது.

எஸ்எஃப்டிபிக்கு எஃப்டிபியோடு பெயரில்தான் உறவு. அது எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்புக்குள் ஓடுவது. கட்டளையும் ஃபைலும் ஒரே இணைப்பில், 22ஆம் போர்ட்டில் போகும். ஒரு போர்ட்டைத் திறந்தால் முடிந்தது. எஃப்டிபியில் இன்னொரு எரிச்சலும் உண்டு: பெரிய வீடியோ ஏறும்போது கட்டளை இணைப்பு சும்மா கிடக்கும், ரவுட்டர் அதை மறந்துவிடும், ஃபைல் முழுதாகப் போயும் முடிந்த செய்தி வராது. எஸ்எஃப்டிபியில் அந்தத் தொல்லை இல்லை. பழைய சிப்புகளில் வேகம் சற்றுக் குறையும். 22ஐ வெளியே திறந்தால் பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும், ஆகவே பாஸ்வேர்ட் லாகினை அணைத்துவிட்டு கீ (சாவி ஃபைல்) மட்டும் வையுங்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் வீட்டில் சர்வர் வைப்பவர்கள் எதையும் தொடுமுன் ரவுட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவே இணைய நிறுவனத்தின் இன்னொரு நாட் இருக்கிறது. அங்கே உங்கள் போர்ட் ஃபார்வர்டிங் செல்லாது. டெய்ல்ஸ்கேல் (உங்கள் சாதனங்களுக்கான தனி வலை) அல்லது சிங்க்திங் (ஃபைல்களை ஒத்திசைக்கும் மென்பொருள்) போடுங்கள். இரண்டு முனையும் உள்ளிருந்தே வெளியே கிளம்பும்.

ஆக்டிவை முழுக்கத் தூக்கிப் போடவும் முடியவில்லை. எங்கள் பழைய ஸ்கேனருக்கு எஃப்டிபி மட்டும்தான் தெரியும். அது அடுத்த அறையிலுள்ள ராஸ்பெர்ரி பைக்குத்தான் அனுப்புகிறது, நடுவில் நாட் எதுவும் கிடையாது, ஆகவே ஆக்டிவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.