'வீடா'வா, 'போஸ்' ஆ?

இரண்டுமே 2018இல் தொடங்கிய அமெரிக்க டிவி தொடர்கள், இரண்டும் மூன்று சீசன்தான். எதை முதலில் பார்ப்பது என்று குழம்புகிறவர்களுக்கு என் கணக்கு இது.

நேரம்: 'வீடா' 22 எபிசோடு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் போல, சனி ஞாயிறில் முடித்துவிடலாம். 'போஸ்' 26, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரட்டிப்பு நீளம்.

கதை: 'வீடா' லாஸ் ஏஞ்சலீஸின் பாயில் ஹைட்ஸில் நடக்கிறது. அம்மா செத்துப்போனதும் ஊர் திரும்பும் இரண்டு மெக்சிகோ வம்சாவளி சகோதரிகளுக்கு, அம்மா ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தது அப்போதுதான் தெரிகிறது. அப்புறம் கடன், மதுக்கூடக் கட்டடத்தில் பங்குச் சண்டை, பணக்காரர்கள் நுழைந்து வாடகை ஏறிக்கொண்டே போகும் தெரு. 'போஸ்' 1987 நியூயார்க்கில் தொடங்குகிறது: பால்ரூம் போட்டிகள் (திருநங்கைகளும் தன்பாலீர்ப்பாளர்களும் அலங்காரத்திலும் ஆட்டத்திலும் மோதும் மேடை), எய்ட்ஸ் பயம், வீட்டில் துரத்திவிட்ட பிள்ளைகளுக்குத் தாயாகும் பிளாங்கா என்ற திருநங்கை.

நடிப்பு: 'போஸ்' இல் திருநங்கைப் பாத்திரங்களில் திருநங்கைகளே நடித்தார்கள். இதில் நடித்த நடிகர் பில்லி போர்ட்டருக்கு 2019இல் எம்மி என்ற டிவி விருது கிடைத்தது, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

மொழி: 'வீடா'வில் ஒரே வாக்கியத்தில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் புரளும், நம் தங்கிலீஷ் மாதிரியே.

சரி, ஆட்டமும் அலங்காரமும் கண்ணீரும் வேண்டுமென்றால் 'போஸ்'. சொத்துத் தகராறும் தெரு அரசியலும் பிடிக்குமென்றால், லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பத்தை உள்ளிருந்து பார்க்க ஆசையென்றால், 'வீடா'.