ஏ.ஐ. அடுக்கித் தந்த ஸ்லைடுகள்: மூன்று காலாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் பணிபுரிகிறேன். காலாண்டு முடிந்ததும் இயக்குநர் குழுவின் முன் வைக்க வேண்டிய பிரசன்டேஷனைத் தயாரிப்பது என் பொறுப்பு. கடந்த மூன்று முறையும் அந்த வேலைக்கு, நாம் சொல்வதைக் கொண்டு ஸ்லைடுகளைத் தானே எழுதி வடிவமைத்துத் தரும் ஏ.ஐ. சேவை ஒன்றை மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தினேன். குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் முறை, விளம்பரத்தில் காட்டியபடி ஒற்றை வரியில் கட்டளையிட்டேன்: பம்ப்செட் நிறுவனத்தின் காலாண்டு அறிக்கை, இயக்குநர் குழுவுக்கு. ஒரு நிமிடத்துக்குள் பன்னிரண்டு ஸ்லைடுகள் வந்து நின்றன. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'சந்தைச் சூழல்', 'சவால்கள்', 'வாய்ப்புகள்' என்று தலைப்புகள் எல்லாம் எந்தத் தொழிலுக்கும் பொருந்துபவை; பம்ப் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பருத்தி நூல் என்று போட்டிருந்தாலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. அன்று இரவு பழைய முறைப்படி, சென்ற காலாண்டின் பவர்பாயிண்ட் கோப்பைத் திறந்து எண்களை மாற்றித்தான் ஒப்பேற்றினேன்.

இரண்டாவது முறை வேறு வழியில் போனேன். அமேசானில் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2004இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்புகளைக் கேட்டது பலரும் அறிந்ததே. தனித்தனிப் புள்ளிகளாக எழுதும்போது காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே உள்ள தொடர்பைச் சொல்லாமலே தப்பித்துவிடலாம். வாக்கியமாக எழுதினால் அது முடியாது. எங்கள் குழுவுக்கு ஸ்லைடு இல்லாமல் ஆகாது என்றாலும், முழு வாக்கியங்களில் எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வார்ப்பிரும்பு விலை ஏறியது, மழை நீடித்ததால் விவசாயப் பம்புகளின் விற்பனை தள்ளிப்போனது, ஆகவே புதிய இயந்திரம் வாங்குவதை ஒரு காலாண்டு ஒத்திவைக்க ஒப்புதல் வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிச் சேவையிடம் கொடுத்தேன். முடிவை முதலில் சொல்லி, அதைத் தாங்கும் காரணங்களை அதன் கீழ் அடுக்கும் பார்பரா மின்டோவின் பிரமிட் முறையைப் பின்பற்று என்றும், ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் முழு வாக்கியமாக இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வந்தது எட்டு ஸ்லைடுகள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே விஷயம் முழுவதும் புரிந்தது. நான் ஐந்தாவது பத்தியில் புதைத்து வைத்திருந்த ஒத்திவைப்புக் கோரிக்கையை அது முதல் ஸ்லைடுக்கே கொண்டுவந்திருந்தது. கெட்ட செய்தியைக் கடைசியில் சொல்லிப் பழகிய எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் அதுதான் சரி என்று தோன்றியது, அப்படியே விட்டேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் ஆறாவது ஸ்லைடில் ஏறக்குறைய வழுக்கி விழுந்தேன். விற்பனைக்குப் பிறகு பணம் வந்துசேர ஆகும் சராசரி நாட்களை எக்செல் அட்டவணையாகக் கொடுத்திருந்தேன். முந்தைய காலாண்டில் 74 நாள், இந்தக் காலாண்டில் 81 நாள். டீலர்கள் பணம் தரத் தாமதிக்கிறார்கள், அன்றாடத் தொழிலை ஓட்ட வேண்டிய எங்கள் நடைமுறை மூலதனம் தெருவில் நிற்கிறது என்பது அதன் பொருள். சேவையோ, எண் கூடியிருப்பதைப் பார்த்து, 'வசூலில் தொடர்ந்த முன்னேற்றம்' என்று தலைப்பிட்டு, பச்சை நிறத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியையும் போட்டிருந்தது. இத்தனைக்கும் எண்கள் இரண்டும் சரியாகவே இருந்தன. அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதும் கருவி, ஏறுமுகத்துக்கு அருகில் வழக்கமாக வரும் சொல்லையே எழுதியிருக்க வேண்டும். எண்களை மட்டும் சரிபார்க்கும் கண்ணுக்கு இந்தப் பிழை தெரியாது. தலைப்பும் எண்ணும் ஒன்றையே சொல்கின்றனவா என்று ஸ்லைடு ஸ்லைடாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது முறை, 'இது கூடினால் கெட்டது' என்று அட்டவணையிலேயே ஒரு நெடுவரிசை சேர்த்துக் கொடுத்தேன், பிழை திரும்பவில்லை. எனினும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

வரைபடங்களிலும் ஒரு கண் வேண்டும். பட்டைகளைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்கிவிடுவதால், சிறிய சரிவு மலைச்சரிவாகத் தெரிகிறது. மாற்றச் சொன்னால் மாற்றிவிடுகிறது.

தமிழுக்கு வந்தால் நிலைமை மோசம். தொழிலாளர் கூட்டத்துக்காக அதே ஸ்லைடுகளில் நான்கைத் தமிழில் கேட்டேன். மொழி ஓரளவு தேறியது. ஆனால் பவர்பாயிண்டுக்கு மாற்றி இறக்கியதும் எழுத்துரு மாறி, கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுத் தனியே புள்ளி வட்டத்தோடு நின்றன. ஆங்கில நீளத்துக்கு அளவெடுத்த பெட்டிகளை விட்டுத் தமிழ் வரிகள் வழிந்தன. நான்கையும் கையால்தான் திருத்தினேன், அதற்கு அரை நாள் போயிற்று.

வாடிக்கையாளர் பெயர்கள் எதையும் இதற்குள் நான் போடுவதில்லை. 'டீலர் 1', 'டீலர் 2' என்று கொடுத்து, கடைசியில் மாற்றிக்கொள்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: வெளியிடப்படாத காலாண்டு முடிவு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை (வெளியே தெரியாத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுக்கும்) விதிமுறைகளுக்குள் வரும் தகவல். அதை வெளிச் சேவை ஒன்றில் ஏற்றும் முன் கம்பெனி செயலரைக் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு நாள் வேலை இப்போது ஒரு நாளில் முடிகிறது. அந்த ஒரு நாளில் பெரும்பகுதி குறிப்பு எழுதவும், வந்ததைச் சரிபார்க்கவுமே போகிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் தள்ளுபடி உண்டு என்று வாரம் தவறாமல் மின்னஞ்சல் வருகிறது. எங்கள் இயக்குநர் குழுவோ ஓர் ஆண்டில் சட்டம் கேட்கும் நான்கு முறைக்கு மேல் கூடுவதில்லை என்பதால், அந்த நான்கு மாதங்களுக்கு மட்டும் சந்தா கட்டிவிட்டு, மற்ற மாதங்களில் நிறுத்தி வைக்கிறேன்.